யூதாஸ் நடுவில் நிற்கும் பீடம்

ஜெர்மனி செல்லும் நம்மவர் பலர் கொலோன் பேராலயத்தைத் தரிசித்ததோடு மனநிறைவு கொண்டு திரும்பிவிடுகின்றனர். ஒரு நாள் மிஞ்சுமாயின், பவேரியாவிலுள்ள ரோத்தன்பர்க் நகருக்கு அதனை ஒதுக்குமாறு வாசக அன்பர்களுக்குக் கூறுவோம். தௌபர் ஆற்றுக்கு மேலே, குன்றின் விளிம்பில், மதிலும் வாயிற் கோபுரங்களுமாக நிற்கிறது அவ்வூர்.

இவ்வளவு பழமை தப்பியது செல்வத்தால் அன்று, வறுமையால். முப்பதாண்டுப் போரில், 1631-ஆம் ஆண்டு, கத்தோலிக்கப் படைத்தலைவர் டில்லி நகரைக் கைப்பற்றினார். அதன்பின் நொடித்துப்போன ஊரார்க்குப் பழைய வீடுகளை இடித்துப் புதியன எழுப்பப் பொருளில்லை. (நகரத் தலைவர் ஒருவர் மூன்றேகால் லிட்டர் திராட்சை இரசத்தை ஒரே மூச்சில் குடித்து ஊரைக் காத்தார் என்பர், கதை என்றே கொள்க.) காலம் விட்டுவைத்ததைக் குண்டுகள் விடவில்லை. 1945 மார்ச் 31, பெரிய சனிக்கிழமையன்று, பாஸ்கா விழாவுக்கு முந்திய நாள், அமெரிக்க விமானங்கள் நகரின் கிழக்குப் பகுதியை எரித்தன. ஆகவே அங்கே நாம் பழையது என்று வியப்பவற்றுள் பல போருக்குப் பின் கட்டப்பட்டவை. மதிலைச் சீரமைக்கப் பொருளுதவியோரின் பெயர்கள் கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஜப்பானியர் பெயர்களும் உண்டு.

நாம் சொல்ல விழைவது புனித யாகப்பர் ஆலயத்தைப் பற்றியே. 1311-இல் தொடங்கப்பெற்ற அவ்வாலயத்தின் மேற்குப் பகுதி தெருவின் மேல் பாலம்போல் கட்டப்பட்டுள்ளது. படியேறிச் சென்றால் திரு இரத்தப் பீடம். தில்மான் ரீமன்ஷ்னைடர் என்னும் சிற்பி 1501 முதல் 1505 வரை லிண்டன் மரத்தில் செதுக்கியது. பொன்னும் வண்ணமும் பூசப்படவில்லை. உச்சியிலுள்ள சிலுவையில், ஆண்டவரின் திரு இரத்தத் துளி என்று போற்றப்பெற்ற திருப்பண்டம் பளிங்குச் சிமிழில் உள்ளது. அதன் கீழே இறுதி இராவுணவு. ஆண்டவர் இருக்க வேண்டிய நடுவிடத்தில், பணப்பையைப் பற்றியபடி யூதாஸ் நிற்கிறான்! ஆண்டவரோ சற்று ஒதுங்கியிருந்து அவனுக்கே அப்பத்துண்டை நீட்டுகிறார். பெயர்பெற்ற இராவுணவுக் காட்சிகள் எத்தனையோ உண்டு. துரோகிக்கும் பந்தியில் இடம் மறுக்கப்படவில்லை என்பதை இவ்வளவு துணிவுடன் காட்டியது வேறு ஒன்றை நாம் அறியோம்.

1544-இல் நகரம் லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றது. வேறு ஊர்களில் சுரூபங்கள் உடைக்கப்பட்ட காலத்திற்குப் பின்னும் இப்பீடம் பிழைத்திருக்கிறது. இன்று அதனைப் பேணுவோர் லூத்தரன் சபையாரே. கத்தோலிக்கரின் திருப்பலிக்கு ஸ்நாபக அருளப்பர் ஆலயம் அருகிலேயே உண்டு.

ஆனால் இதே ஊரில், நற்கருணையின் பெயராலேயே நிகழ்ந்த கொடுமையையும் மறைத்தல் தகாது. திரு அப்பத்தை அவமதித்தனர் என்ற பொய்ப்பழி கிளம்பி, 1298-இல் இங்கு வாழ்ந்த நூற்றுக்கணக்கான யூதர் கொல்லப்பட்டனர். ரபி மேயர் என்னும் பேரறிஞர் பல்லாண்டு கற்பித்த ஊர் இது. பின்னர் மீண்டும் குடியேறியோரை 1520-இல் துரத்தினர். துரத்தத் தூண்டியவர் ஆலயப் பிரசங்கியார் ஒருவர். தொழுகைக்கூடம் தேவமாதாவின் சிற்றாலயமாக மாற்றப்பட்டது. யூதப் பெண்ணாகப் பிறந்த நம் அன்னைக்கு அது எவ்வகை மகிமை?

முன்னாள் தொமினிக்கன் கன்னியர் மடத்தில் இன்று அருங்காட்சியகம் உள்ளது. அக்கல்லறைக் கற்கள், எபிரேய எழுத்துகளுடன், அங்கேதான் இருக்கின்றன. பீடத்தைக் கண்டவர்கள் இங்கும் நடந்து செல்லலாம், தொலைவு அதிகமில்லை.