பூந்தமல்லி கோர்ட்டின் கை எவ்வளவு தூரம் நீளும்?

தேவாரம் டீக்கடையில் விடியும் முன்பே கூட்டம் கூடிவிடும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் கிளம்புகிற நேரம் அது. போன வருஷம் ஏப்ரலில் ஒருநாள், மும்பைத் தாக்குதல் வழக்கில் தஹாவூர் ராணாவை அமெரிக்காவிலிருந்து டெல்லிக்குக் கொண்டுவந்த செய்தியை செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"அம்புட்டுத் தொலைவுல இருந்தவனக் கொண்டாந்துட்டாங்க. ராஜீவ் காந்தி கேஸ்ல, இந்தா பக்கத்துல இலங்கையில இருந்த ஆள ஏண்ணே கொண்டார முடியல? இடுக்கி கோர்ட்டு வாரண்ட் போட்டா இங்க தேவாரத்துல வந்து புடிச்சிட்டுப் போயிடுறான்ல?"

கேள்வி நியாயமானது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா என்றாலும் சட்டம் ஒன்றுதான், வாரண்ட் செல்லும். கடலுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு.

உலகத்துக்கென்று ஒரு கோர்ட் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கத்தான் செய்கிறது. இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றை அது விசாரிக்கும். ஆனால் பயங்கரவாதம் என்ற தனிக் குற்றம் அதன் பட்டியலில் இல்லை. இந்தியா அதில் உறுப்பினரும் இல்லை. விமானக் கடத்தல் தொடங்கி பயங்கரவாதத்துக்கு எதிராகப் போடப்பட்ட உலக ஒப்பந்தங்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான்: குற்றவாளி உன் நாட்டில் இருந்தால் ஒப்படை, இல்லையென்றால் நீயே விசாரி. ஆக, உலகச் சட்டமும் கடைசியில் ஏதாவது ஒரு ஊர் கோர்ட் வாசலில்தான் வந்து நிற்கிறது. நம் 'உபா' சட்டத்தில் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் பட்டியல் பின்னிணைப்பாகவே இருக்கிறது.

இப்போது ராஜீவ் வழக்குக்கு வருவோம். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. குற்றப்பத்திரிகையில் 41 பேர். அதில் 12 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். பிரபாகரன், பொட்டு அம்மான் உள்பட மூன்று பேர் தலைமறைவு. மிச்சம் 26 பேர் மட்டுமே பூந்தமல்லி தடா கோர்ட்டில் நின்றார்கள்.

பிரபாகரனை ஒப்படைக்கச் சொல்லி 1995-ல் இந்தியா இலங்கையிடம் முறைப்படி கேட்டது. கேட்பதற்குச் சட்டமும் இருந்தது. 1987-ல் காத்மாண்டுவில் சார்க் நாடுகள் கையெழுத்திட்ட பயங்கரவாத ஒழிப்பு ஒப்பந்தத்தை ஏற்று, இலங்கை 1988-லும் இந்தியா 1993-லும் தனிச் சட்டமே இயற்றியிருந்தன. காகிதத்தில் குறையில்லை. ஆனால் அன்று யாழ்ப்பாணமே கொழும்பின் கையில் இல்லை. தன்னாலேயே பிடிக்க முடியாதவரை இலங்கை எப்படி ஒப்படைக்கும்? 2002-ல் அவர் கிளிநொச்சியில் உலகப் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து, ராஜீவ் கொலையை ஒரு துன்பியல் சம்பவம் என்றார். டி.வி.யில் நாம் எல்லோரும் பார்த்தோம். வாரண்ட் பூந்தமல்லியில் இருந்தது.

ராணா கதை வேறு. அமெரிக்காவோடு 1997-ல் போட்ட ஒப்படைப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஆள் அங்கே அரசின் கைக்குள் இருந்தார். அப்படியிருந்தும் அந்த நாட்டுக் கோர்ட்டுகளின் படிகளை எல்லாம் ஏறி இறங்க வருஷங்கள் ஆயின.

கைக்கு எட்டிய 26 பேருக்கு என்ன நடந்தது? மூடிய கதவுக்குள் விசாரணை. 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28-ல் 26 பேருக்கும் தூக்கு. ஒருவர் பாக்கி இல்லை! அடுத்த ஆண்டு மே 11-ல் உச்ச நீதிமன்றம், இது தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதக் குற்றமே அல்ல என்றது. 19 பேர் கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். நான்கு பேருக்குத் தூக்கு, மூன்று பேருக்கு ஆயுள். அந்தத் தண்டனையும் சாதாரணக் கொலைச் சட்டத்தின்படிதான்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. தடா விழுந்தாலும், தடாவின் பலத்தில் போலீஸ் அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலங்கள் விழவில்லை. பேரறிவாளன் கைதானபோது வயது 19. பேட்டரி வாங்கிக் கொடுத்ததாக வாக்குமூலம். எதற்காக என்று தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக, அதைப் பதிவுசெய்த அதிகாரி தியாகராஜனே 2013-ல் சொன்னார். பேரறிவாளன் வெளியே வந்தது 2022 மே 18-ல். மற்ற ஆறு பேர் அதே ஆண்டு நவம்பரில்.

அன்று ராஜீவோடு செத்தவர்களில் பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்களும் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த விடுதலையை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. திட்டம் போட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் ஒருநாள்கூடக் கூண்டில் ஏறவில்லை. அந்தக் குடும்பங்களுக்குக் கிடைக்காமல் போனது அதுதான் என்பேன்.

"ஆளு வரலைன்னா விட்டுட்டு நடத்த வேண்டியதுதானே?" என்றார் டிரைவர்.

இலங்கை அதைச் செய்தது. 1996-ல் நடந்த மத்திய வங்கி குண்டுவெடிப்பு வழக்கில், 2002-ல் கொழும்பு உயர் நீதிமன்றம் பிரபாகரனுக்கு ஆளில்லாமலே 200 வருஷச் சிறை விதித்தது. ஒருநாள்கூட அவர் அனுபவிக்கவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. நம் நாட்டில் அன்று அதற்கு வழி இல்லை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழி திறந்திருக்கிறது. அறிவிக்கப்பட்ட தலைமறைவுக் குற்றவாளி மீது, குற்றச்சாட்டு பதிந்து 90 நாள் கழித்து, அவர் இல்லாமலே விசாரணையைத் தொடங்கலாம். அவருக்கு வக்கீல் இல்லையென்றால் அரசே ஒருவரை அமர்த்தித் தர வேண்டும்.

சாட்சிகள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே அவர்கள் சொல்வது பதிவாகும். அது நல்லதுதான். ஆனால் எதிரில் நின்ற 19 வயதுப் பையன் சொன்னதையே முழுசாக எழுதாத நாட்டில், இல்லாத ஆளுக்காக யார் பேசப்போகிறார்கள் என்ற யோசனை எனக்கு. இதை டிரைவரிடம் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் நிரம்பிவிட்டது. "சாயங்காலம் பேசுவோம்ணே" என்று கிளம்பிப் போனார்.