பணம் மட்டும் போதுமா?

அப்பல்லோவுக்கு இறைத்ததைப்போல மீண்டும் பணத்தை இறைத்தால் மனிதர் சூரியக் குடும்பத்தைத் தாண்டிவிடலாம், தடையாக இருப்பது அரசுகளின் கஞ்சத்தனமே என்ற வாதம் விண்வெளி ஆர்வலர்களிடையே செல்வாக்குப் பெற்றது.

அப்பல்லோ இதற்குச் சரியான முன்னுதாரணம் அல்ல. 1961-இல் அமெரிக்க அதிபர் கென்னடி நிலவை இலக்காக அறிவிக்கும் முன்பே, பின்னாளில் சாட்டர்ன்-5 ராக்கெட்டைத் தூக்கிய எஃப்-1 எஞ்சினின் உருவாக்கம் தொடங்கிவிட்டது. வேதி எரிபொருள் நிலவுவரை கொண்டுசெல்லும் என்பதும் கணக்கில் உறுதியாகியிருந்தது. சுமார் 2,500 கோடி டாலர், தெரிந்த வழியில் நடக்கவே செலவானது. விண்மீன் பயணத்துக்கு அப்படியொரு வழி இன்னும் தெரியவில்லை.

சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புரோக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு, அதாவது ஏறத்தாழ 40 லட்சம் கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நொடிக்கு 17 கிலோமீட்டர் செல்லும் வாயேஜர்-1 விண்கலத்தின் வேகத்தில் அந்தத் தொலைவைக் கடக்க 75,000 ஆண்டுகள் ஆகும். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டினால் நாற்பத்திரண்டு ஆண்டுகள் போதும். ஆனால் 1,000 டன் கலம் ஒன்றுக்கு, அதாவது சர்வதேச விண்வெளி நிலையத்தைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான எடைக்கு, அந்த வேகத்தைத் தர உலகம் ஓராண்டில் பயன்படுத்தும் ஆற்றலில் முக்கால் பங்கு தேவை. எஞ்சினில் வீணாவதும், போய்ச் சேர்ந்தபின் நிறுத்துவதற்கான ஆற்றலும் இதில் சேரவில்லை.

வடிவமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்பார்கள். 1970-களில் பிரிட்டிஷ் கோளிடைச் சங்கம் வரைந்த டீடலஸ் கலத்தின் எடை 54,000 டன். அதில் 50,000 டன் அணுக்கரு இணைவுக்கான எரிபொருள். அதற்கான ஹீலியம்-3-ஐ வியாழனின் வளிமண்டலத்திலிருந்து அள்ள வேண்டும்! 2016-இல் தொழிலதிபர் யூரி மில்னர் 10 கோடி டாலருடன் அறிவித்த ஸ்டார்ஷாட்டின் கலங்களோ சில கிராம் எடையுள்ளவை. இரண்டிலும் மனிதருக்கு இடமில்லை. இரண்டும் இலக்கில் நிற்காமல் கடந்துபோக வகுக்கப்பட்டவை.

எஞ்சின் கிடைத்தாலும் உள்ளிருப்போர் உயிர்வாழ வேண்டும். அரிசோனாவின் பயோஸ்பியர்-2 என்ற மூடிய சூழல் ஆய்வகத்தில் 1991-இல் எட்டுப் பேர் அடைபட்டனர். மண் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடைக் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. ஆக்சிஜன் 14.5 சதவீதமாகச் சரிந்ததால் வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. விண்மீன்களுக்கு நடுவே அந்த 'வெளி' கிடையாது.

பணம் அற்பம் என்ற புகாரில் உண்மை உண்டு. விண்மீன் பயணத்துக்கு வழி தேடும் நூறாண்டு விண்கலத் திட்டத்துக்கு 2012-இல் அமெரிக்க அரசு தந்த தொகை ஐந்து லட்சம் டாலர்தான். ஆனால் தேவையான அடிப்படை ஆய்வுகள் வேறு பெயர்களில் நிதி பெறுகின்றன: அணுக்கரு இணைவு மின்சாரத்துக்காக ஆராயப்படுகிறது, கழிவைக் காற்றாகவும் நீராகவும் உணவாகவும் மாற்றும் மெலிஸ்ஸா திட்டத்தை ஐரோப்பிய விண்வெளி முகமை 1989 முதல் நடத்திவருகிறது.