புஞ்சக்கரி வயல் காலி மனை அல்ல: எங்கள் நிலைப்பாடு

திருவனந்தபுரத்தின் புஞ்சக்கரி, வெள்ளாயணி வயல்கள் பக்கமுள்ள கிரீடம் பாலத்தைச் சினிமாச் சுற்றுலாத் தலமாக்கும் திட்டத்தில் நாம் எந்தப் பக்கம் என்று பலரும் கேட்பதால் இந்த அறிக்கை.

சுற்றுலாவை எதிர்ப்பதில்லை என்று செயற்குழு, சிலரின் மாற்றுக் கருத்தையும் பதிவு செய்து, முடிவெடுத்திருக்கிறது. 1989இல் வந்த ‘கிரீடம்’ படத்தில் இந்தப் பாலம் இடம்பெற்றது ஊருக்குப் பெருமைதான். ஆனால் வண்டி நிறுத்துவதற்கென்று வயலில் ஒரு கூடை மண்கூட விழக் கூடாது. இரவு விளக்குகள் வேண்டாம் என்று பறவை பார்க்கும் நண்பர்கள் கேட்பதை இயன்றவரை ஆதரிக்கிறோம். விழிஞ்ஞம் பக்கத்துக்கும் குடிநீர் தருவது வெள்ளாயணிக் காயல் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

எங்கள் பெரிய கவலை வேறு. கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. வயலைத் தூர்த்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை. நடப்பது என்ன? சனிக்கிழமை இரவு மண்ணோடு டிப்பர் வருகிறது. திங்களன்று வில்லேஜ் ஆபீஸ் திறக்கும்போது தூர்த்த வயலில் பத்துத் தென்னங்கன்றுகள் நிற்கின்றன. சில வருடம் தரிசாகப் போட்டுவிட்டு, ‘இது வயலே அல்ல, டேட்டா பேங்கிலிருந்து (நெல்வயல் பட்டியலிலிருந்து) நீக்குங்கள்’ என்று வருவாய்க் கோட்ட அலுவலரான ஆர்.டி.ஓ.வுக்கு ஐந்தாம் எண் படிவம் போகிறது. மாநிலத் தொலையுணர்வு மையம் இதே நகரத்தில்தான் இருக்கிறது. 2008இல் அங்கே நெல் நின்றதா என்பதைச் செயற்கைக்கோள் படம் காட்டிவிடும். அதைக் கேட்டு வாங்காமல், நேற்று நட்ட தென்னையைப் பார்த்து அறிக்கை எழுதுவதற்குப் பெயர் விசாரணையா? கேரளத்தில் 1970களில் எட்டரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைந்தது. இன்று சுமார் 2 லட்சம். மீதி ஒரே நாளில் போகவில்லை. ஐந்து சென்ட், பத்து சென்டாகத்தான் போனது.

வேறு நிலமே இல்லாமல் சொந்த வீட்டுக்கு ஐந்து சென்ட் கேட்பவரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. சட்டமே அவருக்கு வழி விட்டிருக்கிறது. அவர் பெயரைச் சொல்லி ஏக்கர் கணக்கில் தூர்ப்பவர்களை மன்னிக்க முடியாது.

எங்கள் கோரிக்கைகள் இவை: செயற்கைக்கோள் படம் இல்லாமல் ஐந்தாம் எண் படிவம் எதையும் ஏற்கக் கூடாது. கலெக்டர் அச்சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி கொட்டிய மண்ணை அள்ளச் செய்து, செலவைத் தூர்த்தவரிடமே வசூலிக்க வேண்டும். 2023 அக்டோபர் மழையில் டெக்னோபார்க் வரை வெள்ளம் புகுந்த பிறகும் இக்கோரிக்கைகளை ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொல்வதை நாங்கள் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

அலுவலகங்கள் தொடர்ந்து மூடியிருக்கும் ஓண விடுமுறை இரவுகளில் வரப்போரம் முறைவைத்துக் காவலிருக்க முன்வருவோர் செயற்குழுவிடம் பெயர் கொடுக்கவும். டிப்பரைத் தடுக்க வேண்டாம். எண்ணையும் நேரத்தையும் குறித்து, உடனே வில்லேஜ் ஆபீசருக்கும் வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்கும் தெரிவித்தால் போதும்.