வேகத்திற்கு ஜாதி உண்டா?

சமீபத்தில் நாம் ஊத்துக்கோட்டைக்குச் சென்றிருந்த சமயம், ஒரு சைக்கிள் கடைத் திண்ணையில் சில நண்பர்களோடு பேசிக் கொண்டிருக்க நேர்ந்தது. பேச்சு சைக்கிள் பந்தயத்தைப் பற்றி வந்தபோது ஒரு பெரியவர், “ஐயா, அதற்கெல்லாம் ஒரு பிறவி வேண்டும். நம்ம பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை ஏது?” என்று சொன்னார். அவர் நல்லவர், உழைத்துப் பிழைப்பவர். ஆனாலும் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் நம் மக்களின் தரித்திரமெல்லாம் அடங்கிக் கிடக்கிறது என்பது நமது அபிப்பிராயம். ஆகவே இந்தக் “கொடுப்பினை” என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் இந்தப் பந்தயம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். இது ரோட்டில் ஓட்டுவதல்ல. இதற்கென்று கிண்ணம்போல் வளைத்துக் கட்டிய தடம் உண்டு. உள்ளரங்கிலுள்ள மரத்தடம் ஒரு சுற்று 250 மீட்டர். வளைவுகளில் அது சுவர்போல் சாய்ந்திருக்கும். சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது; சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றியே தீரும். “ஸ்பிரிண்ட்” என்னும் ஓட்டத்தில் இருவர் எதிரெதிராக நிற்பர். முதலில் மெள்ளப் போவார்கள். சில சமயம் சைக்கிளை அசையாமல் நிறுத்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டும் இருப்பார்கள். காரணம், முன்னே போகிறவன் காற்றைக் கிழிக்க வேண்டும். பின்னே வருகிறவன் அவன் முதுகின் மறைவில் பலத்தை மிச்சம் பிடிப்பான். பிறகு கடைசிப் பாய்ச்சல். உலகின் சிறந்த ஆண்கள் 200 மீட்டரைப் பத்து வினாடிக்குள் கடக்கிறார்கள். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம். எனவே இதில் வேண்டியது கால்பலமும், கணக்கும், துணிவும்தான். கோத்திரம் கேட்கும் இடம் ஒன்றும் இதில் இல்லை.

சரி, நம் தேசத்தில் இந்த ஓட்டத்தில் பெயர் எடுத்தவர்கள் யார்? டெபோரா ஹெரால்டு என்னும் பெண். 1995இல் பிறந்த நிக்கோபார் தீவுக்காரர். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தபோது அவருக்கு வயது ஒன்பது. ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு, அதன்மேலேயே சில நாள் கிடந்து உயிர் தப்பினார். அந்தப் பெண் பின்னால் சைக்கிள் ஓட்டப் பழகி, 2015இல் 500 மீட்டர் ஓட்டத்தின் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்துக்கு வந்தார்.

இதைக் கேட்டவுடன் சிலர், “பார்த்தீர்களா, கடவுள் காப்பாற்றினார்” என்பார்கள். அப்படியானால் அந்தத் தீவுகளில் அன்று மாண்ட ஆயிரக்கணக்கானவர்களை முழுக வைத்தவர் யார் என்று நாம் கேட்கின்றோம். காப்பாற்றியது மரம், பற்றியது அவர் கை, பிறகு ஓடியது அவர் கால். ஒரு சிறு பெண்ணின் துணிச்சலுக்குச் சேரவேண்டிய மதிப்பைப் பிடுங்கி வேறொருவர் கணக்கில் வரவு வைப்பது என்ன நியாயம்?

அதே தீவுகளிலிருந்து வந்தவர் ஈசோ ஆல்பன். 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏய்கிளில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் “கெய்ரின்” ஓட்டத்தில் வெள்ளி பெற்றார். உலகத் தடப் போட்டியில் இந்தியா கண்ட முதல் பதக்கம் அதுவே. மறு வருஷம், 2019இல், ஜெர்மனியின் பிராங்பர்ட் ஆன் டெர் ஓடர் நகரத்தில் அவரும், மணிப்பூர்ப் பிள்ளைகளான ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோரும் அடங்கிய அணி, குழு ஸ்பிரிண்டில் தங்கமே வாங்கிவிட்டது. அந்த ரொனால்டோ 2022இல் டெல்லியில் நடந்த ஆசியப் போட்டியின் ஸ்பிரிண்டில் ஜப்பான்காரரிடம் மட்டுமே தோற்று வெள்ளி பெற்றார்.

இவர்களெல்லாம் யார்? தீவுக்காரர், மலைநாட்டார் என்று நம் பட்டணத்துக் கனவான்கள் தேசப்படத்தில்கூடத் தேடிப் பார்க்காத இடத்துப் பிள்ளைகள். “கொடுப்பினை” இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? திறமையைத் தேடிப் பார்த்துப் பிள்ளைகளைப் பொறுக்கினார்கள். டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய மரத்தடம் இருந்தது. சாப்பாடு, சைக்கிள், கற்றுக்கொடுக்க ஆள், வருஷக்கணக்கான பழக்கம், இவ்வளவும் கிடைத்தன. பலன் வந்தது. ஜாதகம் பார்த்து வந்ததல்ல.

திறமை இருந்தும் பிறவியைக் காட்டித் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1878இல் பிறந்த மேஜர் டெய்லர் என்னும் கறுப்பு மனிதர், ஒரு வண்டிக்காரரின் மகன். 1894இல் அந்நாட்டுச் சைக்கிள் சங்கம், கறுப்பர்களை அங்கத்தினராகச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தது. 1897இல் டான்டன் என்னும் ஊரில் பந்தயம் முடிந்ததும் ஒரு வெள்ளைப் போட்டியாளன் அவர் கழுத்தை நெரித்து மூர்ச்சையாக்கினான். அப்படியிருந்தும் 1899இல் கனடாவின் மாண்ட்ரியலில் ஒரு மைல் ஸ்பிரிண்டில் உலக வீரரானார். 1901இல் ஐரோப்பா சென்று பெரிய வீரர்களைத் தோற்கடித்தார். 1910இல் ஓட்டத்தை விட்டார். கடைசியில் 1932இல் சிக்காகோவில் தர்ம ஆஸ்பத்திரியில் ஏழையாய் மாண்டு, பெயர்க் கல்லும் இல்லாத குழியில் புதைக்கப்பட்டார். 1948இல்தான் பழைய பந்தயக்காரர்கள் சிலர் கூடி அவரை எடுத்து, பெயர் பொறித்து, மரியாதையாய் அடக்கம் செய்தார்கள்.

வேகத்துக்கு நிறமில்லை என்பதை அவர் கால்கள் ருஜுப்படுத்தின. ஆனால் கடிகாரம் ஒப்புக்கொண்டதை மனிதர் மனம் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. நம் ஊர்களில், இன்ன தெருவில் இன்னார் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டு இருந்ததையும், சில இடங்களில் அதற்காக அடி விழுந்ததையும் அறிந்தவர்கள், அமெரிக்கனைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை உடையவர்கள்தானா என்று யோசிக்க வேண்டும்.

இது நிற்க. நமது நாட்டு விஷயத்துக்கு வருவோம். சைக்கிள் நமக்குப் புதிதல்ல. ஊத்துக்கோட்டையிலிருந்து அதிக தூரமில்லாத அம்பத்தூரில் 1949இலேயே சைக்கிள் தொழிற்சாலை ஆரம்பமாயிற்று. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசியவர்கள் ஓய்ந்தார்கள், பெண்கள் ஓயவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே இலவசமாகச் சைக்கிள் கொடுத்து வருகிறது. சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில் பந்தயத் தடமும் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் நாம் செய்வதென்ன? ஆயுதபூஜையன்று சைக்கிளுக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். செயினுக்கு எண்ணெய் விட மறக்கிறோம். மகன் பந்தயம் என்றால் “வயிற்றுக்கு ஆகுமா?” என்கிறோம். மகளின் சைக்கிளையோ, அவள் படிப்பு முடிந்தவுடன் அண்ணனுக்கோ சந்தைக்கோ கொடுத்துவிட்டு, “இனி உனக்கெதற்கு?” என்கிறோம். டெபோராவின் வீட்டாரும் அப்படிச் சொல்லியிருந்தால்?

வயிற்றுக் கேள்வி நியாயமானதே. அதை நாம் மறுக்கவில்லை. டெய்லரின் முடிவே அதற்குச் சாட்சி. ஆனால் அதற்குப் பதில் பிள்ளையைத் தடுப்பதல்ல. விளையாட்டில் உழைத்தவனுக்கு உத்தியோகமும் பாதுகாப்பும் கொடுக்கும்படி சர்க்காரைக் கேட்பதே பதில்.

ஆகையால் நாம் சொல்வது இதுதான். ஒவ்வொரு பள்ளிக்கூட மைதானத்திலும் 200 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். ஒரு கடிகாரம் போதும். ஆணையும் பெண்ணையும், எந்தத் தெருப் பிள்ளையானாலும், ஒரே கோட்டில் நிறுத்தி ஓட்டச் சொல்லுங்கள். வேகமாய் வருகிற பிள்ளையின் பெயரை எழுதி ஜில்லா விளையாட்டு அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.

அந்தத் திண்ணைப் பெரியவரிடம் நாம் கடைசியாக, “உங்கள் பேத்தி பள்ளிக்கு எதில் போகிறாள்?” என்று கேட்டோம். “சைக்கிளில்தான், அவளை எந்தப் பையனும் முந்த முடியாது” என்று பெருமையாய்ச் சொன்னார். சொல்லிவிட்டு, தாம் முன்பு சொன்னதை நினைத்தோ என்னவோ, அவரே சிரித்துவிட்டார். கொடுப்பினை வேறெங்கும் இல்லை, தோழர்களே! அவர் வீட்டுத் தாழ்வாரத்திலேயே சாய்த்து வைத்திருக்கிறது. அதைப் பூட்டி வைக்காமல் இருந்தால் போதும்.