பொறியியல் கற்றார் நிதித்துறை புகுதல்

பொறியியற் பட்டம் பெற்ற இளைஞர் பலர், அமெரிக்க நாட்டில் தோன்றிய சி. எஃப். ஏ. என்னும் நிதித்துறைப் பட்டயத்தை இக்காலத்தே நாடுகின்றனர். கற்ற துறையைக் கைவிட்டாரென இவரைப் பழிப்பாருமுளர். அப்பழி பொருந்தாதென்பதே எம் கருத்து.

1963-ஆம் ஆண்டு முதன்முதல் நடைபெற்ற இத்தேர்வு மூன்று படிகளையுடையது. கணிதத்திற் பழகிய பொறியியலார்க்கு அதன் கணக்கு முறைகள் அரியன அல்ல. ஐந்தொகையும் கணக்குப் பதிவும் புதியனவே. ஆயினும் முயற்சியால் அவற்றை எய்தலாம்.

எனினும், கணிதத் திறமை ஒன்றே போதுமெனக் கருதுதல் பெரும் பிழையாம். பொறியியற் கணிதம் பயின்ற ராபர்ட் மெர்ட்டன் 1997-இல் பொருளியல் நோபெல் பரிசு பெற்றார். அவர் பங்காளராயிருந்த 'லாங் டெர்ம் காப்பிடல் மானேஜ்மெண்ட்' என்னும் நிதி நிறுவனமோ 1998-இல் வீழ்ச்சியுற்றது. இரும்பு தாங்கும் பாரத்தை அளந்தறியலாம். மாந்தர்தம் ஆசையும் அச்சமும் அவ்வாறு அளவிற்கு அடங்குமோ?

ஆதலின், இத்தேர்வு மூன்று படியிலும் ஒழுக்கநெறியை வினாவுதல் மிகவும் பொருத்தமுடைத்து. தேர்ச்சியோடு, 36 மாதத்திற்குக் குறையாத காலத்தில் 4,000 மணி நேரம் துறைசார்ந்த பணியாற்றினார்க்கே பட்டயம் அளிக்கப்படுகின்றது.

ஆகவே, தோழர்காள்! பிறர் பொருளைக் காக்கும் பொறுப்பை விரும்புவார் துணிந்து புகுக. பெயருக்குப் பின்னே மூன்றெழுத்து அணியவும் விரைந்து பொருளீட்டவுமே விழைவார், தாம் கற்ற துறையில் நிற்றலே நன்று.