இடுப்பு ஆபரேஷன் முடிந்தது. அடுத்த முறிவைத் தடுப்பது யார்?

பெங்களூரு அடுகோடியில் இருப்பவர்களுக்கு எலும்பு ஆஸ்பத்திரி தூரமில்லை. ஒரு பக்கம் செயின்ட் ஜான்ஸ், இன்னொரு பக்கம் ஜெயநகரில் அரசின் சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவ நிலையம். பாத்ரூமில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்துவிடும். நாடு முழுக்க கோட்டை விடுவது டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான்.

நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால், வயதானவர்களுக்கு அது பெரும்பாலும் எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். ஒருமுறை முறிந்தவருக்கு மறுபடி முறியும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. பிளேட்டும் ஸ்க்ரூவும் முறிந்த இடத்தை மட்டும்தான் சரிசெய்யும்.

மருந்து இல்லையா?

இருக்கிறது, அதுவும் பல வருடமாக. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு ஆபரேஷன் முடிந்து 90 நாட்களுக்குள் தொடங்கி வருடத்துக்கு ஒருமுறை சோலெட்ரானிக் ஆசிட் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர்களில் 8.6% பேருக்கு மீண்டும் முறிவு ஏற்பட்டது. போலி மருந்து பெற்றவர்களில் 13.9%. இறப்பும் குறைந்தது. இரு தரப்புக்கும் கால்சியம், வைட்டமின் டி கொடுக்கப்பட்டது. ஆக, "கால்சியம் மாத்திரை போடுறாங்களே" என்று நாம் நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை.

பிறகு ஏன் விட்டுப்போகிறது?

ஆர்த்தோ டாக்டர் முறிவைச் சரிசெய்து அனுப்பிவிடுகிறார். சுகர், பிபி பார்க்கும் டாக்டருக்கு முறிந்த விஷயமே தெரியாமல் போகலாம். இந்த இடைவெளிக்காகவே 1990களின் கடைசியில் கிளாஸ்கோவில் 'ஃபிராக்சர் லயசன் சர்வீஸ்' வந்தது. பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. முறிவோடு வரும் ஒவ்வொரு முதியவரையும் ஒரு நர்ஸ் கண்டுபிடித்து, பரிசோதனைக்கு அனுப்பி, மருந்து தொடங்க வைத்து, பின்தொடர்வார்.

நம்மூரில் பணமும் இதற்கு எதிராக நிற்கிறது. ஆயுஷ்மான் பாரத் என்பது படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் செலவு வரைதான். வருடக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரை நம் பாக்கெட்டில்.

அதுவரை அந்த நர்ஸ் வேலை பிள்ளைகளுக்குத்தான். டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள்: "எலும்புப்புரை மருந்து எப்போ ஆரம்பிக்கணும்?" கிட்னி, வைட்டமின் டி அளவைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். இடுப்பு முறிந்தவருக்கு டெக்சா ஸ்கேன் தாமதமானால் மருந்தையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. தலைசுற்ற வைக்கும் தூக்க மாத்திரை, பிபி மாத்திரை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி என்றால் தேதியை உங்கள் போனில் குறித்து வையுங்கள். மாற்று மருந்து இல்லாமல் அதை நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து சட்டென்று ஏறும்.