முல்லர் வீட்டுச் சமாசாரம்

ஜெர்மனியில் ஜன நடமாட்டம் மிகுந்த ஒரு கடைத்தெருவில் நின்றுகொண்டு, "ஹேர் முல்லர்!" என்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். 'ஹேர்' என்றால் அந்த ஊரில் ஸ்ரீமான் என்று அர்த்தம். உடனே ஒரு தலையாவது திரும்பும். "ஃபிராவ் முல்லர்!" என்று கூப்பிட்டாலும் அப்படித்தான். யாராவது ஓர் அம்மாள் கையிலிருக்கும் கறிகாய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, "யார் கூப்பிட்டது?" என்று பார்ப்பாள். இதில் ஜாலவித்தை ஒன்றும் இல்லை. அந்த நாட்டில் நூறு பேருக்கு ஏறக்குறைய ஒருவர் முல்லர். குடும்பப் பெயர்களில் முதல் ஸ்தானம் அதற்குத்தான். பக்கத்து நாடான ஸ்விட்ஜர்லாந்திலும் அதுவே முதல்.

இந்தப் பெயரை நாம் எழுதுகிறபடி ஜெர்மானியர் உச்சரிப்பதில்லை. 'உ' என்று சொல்வதற்கு உதட்டைக் குவித்துக்கொள்ளுங்கள். குவித்த உதட்டை மாற்றாமல் 'இ' என்று சொல்லுங்கள். அந்தச் சத்தம்தான். கண்ணாடி முன் நின்று பழகலாம். வீட்டில் யாராவது பார்த்துச் சிரித்தால் நான் பொறுப்பல்ல!

சரி, முல்லர் என்றால் என்ன? மாவு ஆலைக்காரர். அவ்வளவுதான். தானியத்தை அரைத்துக் கொடுப்பவர்.

தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன் ஜெர்மனியில் சாதாரண ஜனங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஞானஸ்நானத்தின்போது வைத்த ஒரே பெயர்தான். அதிலும் எல்லோருக்கும் பிடித்த சில பெயர்களையே திரும்பத் திரும்ப வைப்பார்கள். ஊருக்குள் பத்து ஹான்ஸ் இருந்தால் என்ன செய்வது? "எந்த ஹான்ஸ்?" என்று ஒருவர் கேட்பார், "ஆலைக்கார ஹான்ஸ்" என்று மற்றவர் பதில் சொல்வார். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து இப்படிப்பட்ட அடைமொழிகள் மேற்கிலும் தெற்கிலும் உள்ள பட்டணங்களில் முதலில் நிலைத்தன. பிறகு மற்ற இடங்களுக்குப் பரவின. தகப்பனாரின் அடைமொழி பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. வரி வாங்குகிற அதிகாரிக்கும் அது சௌகரியமாக இருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் விவசாயிகள் ஆயிற்றே, விவசாயி என்ற பெயரல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? சற்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். எல்லோரும் உழுகிற ஊரில் "உழுகிற ஹான்ஸ்" என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும்? ஆலையோ ஊருக்கு ஒன்றுதான். இரண்டு மூன்று ஊருக்குச் சேர்த்து ஒன்று இருப்பதும் உண்டு. "ஆலைக்கார ஹான்ஸ்" என்றால் சந்தேகமே இல்லை. ஊருக்கு ஒருவராக இருந்தவர்தான் நாடு முழுவதும் சேர்த்துப் பார்க்கும்போது லட்சக்கணக்கானவராகி விட்டார்! இரண்டாவது இடத்தில் இருக்கும் ஷ்மித் என்ற பெயருக்குக் கொல்லர் என்று அர்த்தம். அவரும் ஊருக்கு ஒருவர்தான். ஷ்மித் என்பதைப் பலவிதமாக எழுதுவார்கள். அத்தனையையும் ஒன்றாகக் கூட்டினால் கொல்லர் ஆலைக்காரரை முந்திவிடுவார். அவர்களுக்குப் பின்னால் தையற்காரர், மீனவர், நெசவாளர் என்று ஒரு பெரிய ஊர்வலமே வருகிறது.

இப்படி முதல் ஸ்தானத்தில் இருக்கும் பெயருக்கு ஒரு காலத்தில் என்ன மரியாதை இருந்தது தெரியுமா? சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள்.

தண்ணீர் விசை வேண்டும் என்பதால் ஆலை ஊருக்குச் சற்றுத் தள்ளி ஆற்றோரம் இருக்கும். பல இடங்களில் அந்தந்தப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று கட்டாயம். அரைத்த கூலியைக் காசாக வாங்காமல், அரைக்க வந்த தானியத்திலேயே ஒரு பங்கை ஆலைக்காரர் எடுத்துக்கொள்வார். அளக்கிற படியும் அவர் கையிலேயே! கேட்க வேண்டுமா? கொண்டுபோன தானியம் எவ்வளவு, திரும்பி வந்த மாவு எவ்வளவு என்ற கணக்கை எந்த நாட்டு இல்லத்தரசிதான் மறப்பாள்? தவிடாகவும் தூசியாகவும் கொஞ்சம் போவது இயற்கைதான். ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தானே. ஆலைக்காரர் என்றாலே திருட்டுப் பேர்வழி என்று கதை கட்டிவிட்டார்கள். சில ஊர்களில் அவர் பிள்ளைகளை மற்றத் தொழிலாளர் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளவே மறுத்தன. 1548-ல் பேரரசு ஒரு சட்டம் போட்டு, ஆலைக்காரர், லினன் துணி நெய்பவர், இடையர், நாவிதர் முதலியோரின் பிள்ளைகளை அப்படி ஒதுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படி ஏச்சு வாங்கிய பெயர்தான் இன்று தேசத்திலேயே முதலாவதாக நிற்கிறது.

ஊருக்கு ஊர் இந்தப் பெயர் வேஷமும் மாற்றிக்கொள்ளும். வட ஜெர்மனியில் மோலர். தெற்கே சில இடங்களில் மில்லர். ஆஸ்திரியா பக்கம் முல்னர். படித்தவர்கள் சிலர், 'ஆலைக்காரர்' என்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தோ என்னவோ, லத்தீனில் 'மோலிட்டர்' என்று மாற்றிக்கொண்டார்கள். அர்த்தம் என்னவோ அதேதான்! அமெரிக்காவுக்குக் கப்பலேறிய முல்லர்களில் பலர் அங்கே மில்லர் ஆனார்கள். 1876-ல் ஜெர்மனி முழுவதும் சர்க்கார் பதிவு அலுவலகங்கள் வந்த பிறகுதான், இஷ்டத்துக்கு எழுத்தை மாற்றுவது நின்றது.

அதற்கு முன்பே பெயர் வேறு, தொழில் வேறு என்று ஆகிவிட்டிருந்தது. இதற்கு நமக்கெல்லாம் தெரிந்த ஒரு குடும்பத்தையே உதாரணமாகச் சொல்லலாம்.

டெஸ்ஸாவ் என்ற ஊரில் முல்லர் என்று ஒரு தையற்காரர் இருந்தார். ஆம், பெயர் ஆலைக்காரர், தொழில் தையல்! அவர் மகன் வில்ஹெல்ம் முல்லர் 1794-ல் பிறந்து கவிஞரானார். ஓர் ஆலைக்காரரின் அழகிய மகளை ஆலையில் வேலை செய்யும் வாலிபன் காதலிப்பதாக அவர் ஒரு பாடல் தொகுதி எழுதினார். ஷூபர்ட் என்ற சங்கீத மேதை 1823-ல் அதற்கு மெட்டமைத்தார். அந்தப் பாடல்கள் உலகப் பிரசித்தி பெற்றுவிட்டன. அதே 1823-ல் கவிஞருக்கு ஒரு மகன் பிறந்தான். குழந்தைக்கு ஞானத் தந்தையாக வந்தவர் வேபர் என்ற இசைப்புலவர். வேபர் என்றால் நெசவாளர்! நெசவாளர் என்ற பெயர் கொண்ட சங்கீதக்காரர், ஆலைக்காரர் என்ற பெயர் கொண்ட தையற்காரரின் பேரனுக்கு ஞானத் தந்தை. வேடிக்கையாக இல்லையா?

வேபரின் இசை நாடகம் ஒன்றில் வரும் கதாநாயகன் பெயர் மாக்ஸ். குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அந்த மாக்ஸ்தான் பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்து ரிக் வேதத்தை அச்சிட்ட மாக்ஸ் முல்லர். 1849-லிருந்து 1874 வரை ஆறு பாகங்கள்! இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமலே அதைச் செய்து முடித்தார்.

முல்லர் என்ற பெயர் கொண்டவர்கள் ஏராளம்; அதில் தாம் தொலைந்துபோவோம் என்று அவர் நினைத்தார். ஆகவே 'மாக்ஸ் முல்லர்' என்று இரண்டையும் சேர்த்தே குடும்பப் பெயராக்கிக்கொண்டார். மனைவி ஜார்ஜினாவும் திருமதி மாக்ஸ் முல்லர் ஆனார். கணவர் 1900-ல் காலமான பிறகு, அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் கடிதங்களையும் 1902-ல் இரண்டு பாகங்களாகத் தொகுத்து வெளியிட்டவர் இந்த அம்மையார்தான்.

ரிக் வேதப் பதிப்பின் சமஸ்கிருத முகப்பில் தம் பெயரை மாக்ஸ் முல்லர் எப்படிப் போட்டுக்கொண்டார் தெரியுமா? மோக்ஷமூலர்! ஜெர்மனி சர்மண்ய தேசம், ஆக்ஸ்போர்டு கோதீர்த்தம். மாவரைத்தவர் பெயர் மோட்சத்துக்கே மூலமாகிவிட்டது. ஜெர்மனியின் கதே இன்ஸ்டிட்யூட் இந்தியாவில் நடத்தும் நிலையங்கள் இன்றும் மாக்ஸ் முல்லர் பவன் என்றே அழைக்கப்படுகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்தில்கூட ஒன்று இருக்கிறது.

மாக்ஸ் முல்லர் தம் பெயரைத் தாமே திருத்திக்கொண்டார். அவர் ஆண்பிள்ளை. ஜெர்மன் ஸ்திரீகளின் கதை என்ன?

பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் அங்கே பெண்களின் குடும்பப் பெயருக்கு ஒரு பெண்பால் விகுதி உண்டு. முல்லர் வீட்டுப் பெண் முல்லரின். ஷில்லர் எழுதி 1784-ல் மேடையேறிய புகழ்பெற்ற நாடகத்துக்கு முதலில் இட்ட பெயர் 'லூயிஸ மில்லரின்' என்பது, கதாநாயகியின் பெயர்தான். அவளுடைய தகப்பனாரும் ஆலைக்காரர் இல்லை, வாத்தியம் வாசிப்பவர்! விகுதி பிறகு வழக்கொழிந்து போயிற்று. ஆனால் கல்யாணம் ஆனதும் பெண் தன் பெயரை விட்டுக் கணவன் பெயரை ஏற்கவேண்டும் என்ற வழக்கம் மட்டும் போகவில்லை. 1900-ல் அமலுக்கு வந்த சிவில் சட்டம் அதைக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டது.

ஒரு பெண் கஷ்டப்பட்டுப் படித்து டாக்டராகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பெயர்ப் பலகை. ஊரெல்லாம் நல்ல பெயர். ஒரு முல்லரைக் கைப்பிடித்த மறுநாள் பலகையைக் கழற்றிவிட்டு, அந்தத் தெருவிலேயே மூன்றாவது டாக்டர் முல்லர் ஆகிவிட வேண்டியதுதான். பத்து வருஷத்து உழைப்பு எந்தப் பெயரில் நின்றது என்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

யுத்தத்துக்குப் பிறகு மேற்கு ஜெர்மனிக்குப் புதிய அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்த 65 பேரில் நால்வரே பெண்கள். அவர்களில் ஒருவரான எலிஸபெத் ஸெல்பர்ட் என்ற வக்கீல், "ஆணும் பெண்ணும் சம உரிமை உடையவர்கள்" என்ற வாக்கியம் அதில் இருந்தே ஆகவேண்டும் என்று நின்றார். முதலில் அதை ஒதுக்கிவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. நாடெங்கும் உள்ள பெண்களைத் தட்டி எழுப்பினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 1949-ல் வாக்கியம் சட்டத்தில் ஏறியது.

வாக்கியம் ஏறினால் போதுமா? அது பெயர்ப் பலகைக்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று பாருங்கள். 1958-லிருந்து மனைவி தன் பிறந்த வீட்டுப் பெயரைக் கணவன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம் என்றார்கள். கிழக்கு ஜெர்மனியில் 1966 முதல் தம்பதிகள் இருவரில் யார் பெயரை வேண்டுமானாலும் குடும்பப் பெயராகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. மேற்கில் அந்த உரிமை 1976-ல்தான் வந்தது. அதிலும் ஒரு முடிச்சு: இருவரும் ஒத்துப்போகாவிட்டால் கணவன் பெயர்தான்! அதாவது, கணவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே ஜெயம் அவனுக்கு. 1991-ல் அரசியல் சட்ட நீதிமன்றம், இது சம உரிமைக்கு விரோதம் என்று அந்த முடிச்சை அவிழ்த்தது. 1994 முதல் அவரவர் பெயரை அவரவர் வைத்துக்கொள்ளலாம். 2025 மே மாதம் முதல், விரும்பினால் இரண்டு பெயரையும் சேர்த்துக் கணவனும் மனைவியும் இருவருமே சூட்டிக்கொள்ளலாம், குழந்தைக்கும் கொடுக்கலாம். இன்றும் பெரும்பாலான தம்பதிகள் கணவர் பெயரைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். கேட்டு வைத்துக்கொள்வதற்கும் கேட்காமல் வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

இதற்கிடையில் அந்த ஆலைகள் என்ன ஆயின? பெரிய யந்திர ஆலைகள் வந்து ஆற்றோரத்துச் சின்ன ஆலைகளை விழுங்கிவிட்டன. 1957-ல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டமே இயற்றியது. ஆலையை மூடுகிறவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. மிஞ்சிய பழைய ஆலைகளை, 1994 முதல் வருஷத்துக்கு ஒரு நாள், பெந்தெகொஸ்தே திங்கட்கிழமையில் திறந்து காட்டுகிறார்கள். குழந்தைகளை அழைத்துப்போய்ச் சக்கரம் சுற்றுவதைக் காட்டுகிறார்கள். அரைவைத் தொழில் கற்கிற பயிற்சிக்கும் 2017-ல் நீளமான ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். 'ஆலை மற்றும் தானியத் துறைச் செய்முறை நிபுணர்' என்று தமிழில் சொல்லலாம். ஆக, மாவு அரைப்பவருக்கே முல்லர் என்ற பெயர் போய்விட்டது! அரைக்காதவர்கள் லட்சக்கணக்கில் அதைச் சுமக்கிறார்கள். 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றி கோல் போட்ட கெர்ட் முல்லர் கால்பந்து ஆடியவர். 2009-ல் நோபல் பரிசு பெற்ற ஹெர்த்தா முல்லர் கதை எழுதுபவர்.

பார்க்கப் போனால், அந்த முதல் ஹான்ஸ் "எனக்கு இந்தப் பெயர் வேண்டும்" என்று கேட்டா வாங்கிக்கொண்டான்? அக்கம்பக்கத்தார் அடையாளத்துக்குச் சொன்னது, அதிகாரி எழுதிக்கொண்டது, பிள்ளைகள் சுமந்தது. பெயரைச் சுமக்கிறவர்களையே கூப்பிட்டு, "உங்களுக்கு எது இஷ்டம்?" என்று கேட்பதற்கு இத்தனை நூற்றாண்டுகள் ஆயின. அதிலும் பெண்களைக் கேட்டது கடைசியில்தான். இன்று ஜெர்மன் பதிவு அலுவலகத்தில் மணப்பெண்ணுக்கு முன்னால் படிவத்தை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். முல்லர் என்று எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, பேனா அவள் கையில் இருக்கிறது.